அமெரிக்க வருமான வரிக்கு மாற்று: ஒரே விகிதமா, இறக்குமதித் தீர்வையா?

அமெரிக்காவில் தனிநபர் வருமான வரி 10 முதல் 37 விழுக்காடு வரை ஏழு படிகளில் ஏறுகிறது. இது சிக்கலானது, இதற்குப் பதில் எல்லோருக்கும் ஒரே விகிதம் வைக்கலாம் அல்லது இறக்குமதிச் சரக்கின் மீதான வரியான தீர்வையை மட்டும் எளிதாக வசூலிக்கலாம் என்ற யோசனைகள் உண்டு. ஆனால் சிக்கல் படிகளில் இல்லை. அட்டவணையைப் பார்த்தால் கணக்கு முடிந்துவிடும். வீட்டுக்கடன் வட்டி, நன்கொடை, குழந்தைச் சலுகை எனக் கழிவுகளும் சலுகைகளும்தான் படிவத்தை நீட்டுகின்றன. அவற்றை வெட்டாமல் ஒரே விகிதம் கொண்டுவந்து பயனில்லை. ஐரோப்பிய நாடான எஸ்தோனியா 1994-இல் ஒரே விகித வருமான வரியை 26 விழுக்காட்டில் தொடங்கியது. விகிதம் மாறினாலும் முறை நிலைத்துவிட்டது.

தீர்வை எளிது என்பது வெறும் தோற்றம். காலணியின் மேல்பாகம் தோலா, துணியா, ரப்பரா என்பதைப் பொறுத்தே விகிதம் மாறும்.

அதைவிடப் பெரிய கேள்வி, பணம் தேறுமா என்பது. 2024 நிதியாண்டில் தனிநபர் வருமான வரி ஏறக்குறைய 2.4 லட்சம் கோடி டாலர். தீர்வை வழியே வந்த சுங்க வசூல் சுமார் 7,700 கோடிதான். அந்த ஆண்டுச் சரக்கு இறக்குமதியே சுமார் 3.3 லட்சம் கோடி. ஒரு பெட்டிகூடக் குறையாமல் வந்தாலும் 70 விழுக்காட்டுக்கு மேல் தீர்வை போட வேண்டும். போட்டால் இறக்குமதி சரியும், வசூலும் கூடவே சரியும்.

70 விழுக்காடு என்றால், 20 டாலருக்கு இறங்கும் செருப்புக்கு 14 டாலர் தீர்வை. துறைமுகத்தில் கட்டுபவர் இறக்குமதியாளர். பெரும்பகுதி கடை விலையில் ஏறிவிடும். ஆண்டுக்கு 30,000 டாலர் சம்பாதிப்பவருக்கும் 3 லட்சம் சம்பாதிப்பவருக்கும் அதே சுமைதான். ஒரே விகிதத்திலாவது அடிப்படை விலக்கு வைத்து ஏழையைக் காக்கலாம். வாங்குபவர் யாரென்று தீர்வைக்குத் தெரியாது.