சீரியல் லைனில் "நிறுத்து" என்று சொல்ல: எக்ஸாஃபா, ஆர்டிஎஸ்/சிடிஎஸ்ஸா?

வாங்கும் பக்கம் சமாளிக்க முடியாத வேகத்தில் தரவு வந்தால், அனுப்புகிறவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல வேண்டும். விடி100 டெர்மினலை (சீரியல் லைன் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணையும் திரையும் கீபோர்டும்) எடுத்துக்கொள்ளுங்கள். டெக் நிறுவனம் 1978-இல் கொண்டுவந்தது, 19,200 பாட் (இங்கே நொடிக்கு இத்தனை பிட்) வரை வாங்கும். ஆனால் ஸ்மூத் ஸ்க்ரோல் போட்டால் திரை நொடிக்கு ஆறு வரிதான் நகரும், உள்ளே இருக்கும் பஃபரோ வெறும் 64 எழுத்து. அதனால் பாதி நிரம்பியதுமே, அதாவது 32 எழுத்து சேர்ந்ததும், "நிறுத்து" என்று பொருள்படும் எக்ஸாஃப் எழுத்தை (ஆஸ்கி 19) அனுப்பும். 16-க்கு இறங்கியதும் "தொடரு" என்னும் எக்ஸான் (17). மீதி 32 இடம் நிரம்ப ஏறக்குறைய 17 மில்லிநொடி ஆகும், அதற்குள் கம்ப்யூட்டர் வாயை மூடினால் போதும்.

அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்ட் ஒன்று என மூன்றே கம்பியில் இந்த வேலை நடக்கிறது என்பது பெரிய விஷயம். கீபோர்டில் கண்ட்ரோல்-எஸ் அடித்தாலும் அதே 19 தான் போகிறது, ஓடும் திரையை நாமே நிறுத்திப் படிக்கலாம். ஈமேக்ஸ் எடிட்டர்காரர்களுக்கு மட்டும் தலைவலி, அங்கே அது தேடுவதற்கான விசை.

ஆனால் பைனரி கோப்பு அனுப்பும்போது தரவுக்குள்ளேயே 19 வந்துவிட்டால்? லைன் நின்றுவிடும். இசட்மோடம் என்னும் கோப்பு அனுப்பும் நெறிமுறை இந்த எழுத்துகளை மாற்றிக் குறித்து அனுப்பித் தப்பிக்கிறது, எல்லா நெறிமுறையும் அப்படிச் செய்வதில்லை. இன்னொன்று தாமதம். எக்ஸாஃபைக் கம்ப்யூட்டரின் மென்பொருள்தான் கவனிக்க வேண்டும் என்றால், யுஎஸ்பி அடாப்டர் அதை 16 மில்லிநொடி பிடித்துவைத்தாலே 1,15,200 பாட்டில் 180 பைட்டுக்கு மேல் வந்து கொட்டிவிடும்.

ஆர்டிஎஸ்/சிடிஎஸ் (வாங்கும் பக்கம் ஆர்டிஎஸ் கம்பியில் "தயார்" அல்லது "நிறுத்து" காட்டும், அனுப்பும் பக்கம் அதைத் தன் சிடிஎஸ் கம்பியில் பார்க்கும்) தனிக் கம்பியில் போவதால் தரவில் என்ன இருந்தாலும் கவலையில்லை. அதற்காக உடனே நின்றுவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள்: சிடிஎஸ்ஸை சிப்பே பார்க்காமல் டிரைவர் பார்த்தால், 16550ஏ சீரியல் சிப்பின் ஃபிஃபோவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) ஏற்கெனவே ஏறிய 16 பைட்டும் வெளியே போயே தீரும். வாங்கும் பக்கம் அந்த அளவு இடம் விட்டுத்தான் "நிறுத்து" என்று கையை உயர்த்த வேண்டும்.

அப்புறம் டெர்ம்இன்ஃபோவில் (ஒவ்வொரு டெர்மினலும் எப்படி நடந்துகொள்ளும் என்ற குறிப்புப் பட்டியலில்) மில்லிநொடி தாமதம் எழுதிவைக்கும் பழைய வழி. அது வெறும் ஊகம், எதிர்முனை என்ன நிலையில் இருக்கிறது என்று அனுப்புகிறவருக்குத் தெரியவே தெரியாது, விட்டுவிடுங்கள்.

மனிதர் உட்கார்ந்து தட்டும் கன்சோலுக்கு எக்ஸான்/எக்ஸாஃப் தாராளமாகப் போதும் என்பேன். ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு ஆர்டிஎஸ்/சிடிஎஸ் மட்டும்தான். ஆனால் சில நல்-மோடம் கேபிள்களில் (இரு கருவிகளை நேராக இணைப்பவை) ஒரே முனையின் 7-ஐயும் (ஆர்டிஎஸ்) 8-ஐயும் (சிடிஎஸ்) சேர்த்துக் கட்டியிருப்பார்கள், எப்போதும் "தயார்" என்றே காட்டும். ஒன்பது பின் கனெக்டர் என்றால் ஒரு முனையின் 7 எதிர்முனையின் 8-க்குத்தான் போகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.