அழுகைக்கு அடியில் இருந்தது: உணர்ச்சி மையத் தெரபியில் 58 செஷன்

ஏறக்குறைய இரண்டு வருடம், மொத்தம் 58 செஷன். முடிந்து எட்டு மாதம் ஆகிறது. முடித்த கையோடு எழுதியிருந்தால் ஒரே புகழ்மாலையாகப் போயிருக்கும். நடுவில் எழுதியிருந்தால் திட்டி எழுதியிருப்பேன். இப்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

நான் போன காரணம் அழுகை. அண்ணன் இறந்து மூன்று வருடம் ஆகியும் அது நிற்கவில்லை. லிஃப்டில் தனியாக இருந்தால் வரும், பல் துலக்கும்போது வரும், ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவேன். அழுதால் பாரம் இறங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இறங்கவில்லை. அழுது முடித்த பிறகும் அதே இடத்தில்தான் இருப்பேன், கூடுதலாக ஒரு தலைவலியோடு.

இதற்கு முன்னால் வேறொருவரிடம் சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு ஒன்பது தடவை போயிருந்தேன். அதைக் குறை சொல்ல மாட்டேன், தூக்கம் சரியானது அதனால்தான். எண்ணங்களை நோட்டில் எழுதி, அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்க்கச் சொல்வார். எனக்கு வீட்டுப்பாடம் செய்வது சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. நோட்டு பளிச்சென்று இருக்கும். நெஞ்சு அப்படியே அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம்தான் இந்தத் தெரபிஸ்டிடம் போனேன். உணர்ச்சி மையத் தெரபி, சுருக்கமாக இஎஃப்டி, முறையில் பயிற்சி பெற்றவர். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இஎஃப்டி என்று தேடினால் நெற்றியிலும் கன்னத்திலும் விரலால் தட்டிக்கொள்ளும் வீடியோக்கள் வந்து கொட்டும். அது வேறு, இது வேறு, சுருக்கப் பெயர் மட்டும் ஒன்று. நான் சொல்வது லெஸ்லி க்ரீன்பெர்க், லாரா ரைஸ், ராபர்ட் எலியட் ஆகியோர் உருவாக்கி 1993-ல் புத்தகமாகக் கொண்டுவந்த முறை. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் பரிவோடு கேட்கும் பாணியும், கெஸ்டால்ட் என்ற சிகிச்சை மரபின் நாற்காலிப் பயிற்சியும் அதில் சேர்ந்திருக்கின்றன. தம்பதிகளுக்கான வடிவத்தை க்ரீன்பெர்க்கும் சூ ஜான்சனும் 1980-களில் சேர்ந்து தொடங்கினார்கள். நான் போனது தனிநபருக்கானது. க்ரீன்பெர்க் முதலில் பொறியியல் படித்தவர் என்று பின்னால் தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையைக்கூட ஒரு ஆள் கழற்றி, எந்த பாகம் எதைத் தள்ளுகிறது என்று பார்த்திருக்கிறாரே என்று.

முதல் ஐந்தாறு செஷன் எனக்கு ஏமாற்றம்தான். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, கேள்வியும் அதிகம் கேட்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக் கதையைத் தேதி வாரியாகச் சொல்வேன். எந்த டெஸ்ட் எப்போது எடுத்தார்கள், ரிப்போர்ட்டில் என்ன இருந்தது, எந்த டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல். நூறு தடவை சொல்லிப் பழகிய கதை, எங்கே குரல் உடையும் என்பதுகூட எனக்குத் தெரியும். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். 'சும்மா செக்கப்' என்று சொல்லும்போது உங்கள் தாடை இறுகியது. அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாமா?"

எனக்கு எரிச்சல். கதையின் முக்கியமான கட்டம் இன்னும் வரவில்லையே. ஆனால் தாடை இறுகியிருந்தது உண்மை, பல்லே வலித்தது. அண்ணன் தினமும் ராத்திரி போன் செய்வான். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினால் "சும்மா செக்கப்டா" என்பான். ஏழு மாதம் அப்படித்தான் சொன்னான். எனக்கு விஷயம் தெரிந்தபோது அவனுக்குப் பதினொரு நாள்தான் மிச்சம் இருந்தது.

அவர் வேலை செய்யும் விதத்தை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வார், ஆனால் கிளிப்பிள்ளை மாதிரி இல்லை, நான் சொல்லாமல் விட்ட விளிம்பைத் தொட்டு. "தனியாக விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்திருக்குமோ? சரியாக இல்லையென்றால் மாற்றிச் சொல்லுங்கள்." நான் யோசித்தேன். தனியாக... இல்லை. கைவிட்ட மாதிரியா? அதுவும் இல்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் இருந்த அந்த அடைப்பிடமே கேட்பது போல உட்கார்ந்திருந்தேன். அரை நிமிடம் இருக்கும். "வெளியே நிறுத்திவிட்டார்கள்" என்று வாயில் வந்தது. சொன்னதும் பெரிய மூச்சு ஒன்று தானாக வந்தது. அந்தச் சொல்தான் அது. உடம்பில் மங்கலாக இருக்கும் உணர்வுக்குப் பொருந்துகிற சொல் கிடைத்தால் உடம்பே ஒத்துக்கொள்ளும் என்பது யூஜின் ஜென்ட்லின் என்ற உளவியலாளரின் கண்டுபிடிப்பு, இஎஃப்டி அதை எடுத்துக்கொண்டது. எனக்கு அந்தப் பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது அந்த மூச்சு மட்டும்தான்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். ஒரு சூழ்நிலைக்கு முதலில் எழுகிற உணர்ச்சி ஒன்று. அதை மூடிக்கொண்டு அதன்மேல் வரும் இரண்டாம் நிலை உணர்ச்சி இன்னொன்று. முதலில் எழுவதிலும், இன்றைய நிலைமைக்குப் பொருந்தி வழிகாட்டுவது உண்டு, பழைய காயத்திலிருந்து தேய்ந்த ரெக்கார்டு போல ஓடுவதும் உண்டு. அடுத்தவரிடம் காரியம் சாதிக்க வரவழைப்பதைத் தனியாக வைக்கிறார்கள். பலருக்கு மேலே கோபம், அடியில் அவமானமோ பயமோ. எனக்குத் தலைகீழ். மேலே அழுகை, அடியில் கோபம். இறந்துபோனவன்மேல் எப்படிக் கோபப்படுவது? அதனால் கோபம் வாசல் வரை வரும்போதெல்லாம் அழுகை முந்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்திருக்கிறது. மூன்று வருடம் அழுதும் எதுவும் கரையாததற்குக் காரணம் அதுதான்.

சரி, நாற்காலி விஷயத்துக்கு வருவோம். எல்லோரும் கேட்பது அதைத்தான்.

பதினான்காவது செஷனில் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அண்ணன் அதில் இருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு நடிப்பு வராதுங்க" என்றேன். அவர் மெதுவாக வற்புறுத்தினார், நான் நாலு வரி ஒப்பித்தேன். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. அடுத்த இரண்டு வாரம் வேலை அதிகம் என்று பொய் சொல்லி செஷனை ரத்து செய்தேன். மூன்றாவது வாரம் போய், "நீங்கள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னேன். வாழ்க்கையில் யாரிடமும் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. அவர் சமாளிக்கவில்லை, முறையைப் பற்றி விளக்கம் கொடுக்கவில்லை. "நான் அவசரப்பட்டுவிட்டேன். உங்களுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்" என்றார். அந்த மணி நேரம்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. இந்தப் பயிற்சிகள் எதுவும் அந்த நம்பிக்கை இல்லாமல் நடக்காது, இந்த முறையில் அதற்குத்தான் முதலிடம். அப்படியிருந்தும் அவர் சறுக்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுபடி நாற்காலி வந்தது இருபத்து மூன்றாவது செஷனில். இந்தத் தடவை நானே கேட்டேன். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், உட்கார்ந்தால் கீச்சென்று சத்தம் வரும். அது நேராக எதிரே இருந்தால் என்னால் பார்க்க முடியவில்லை, கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டேன். வீட்டில் சாப்பிடும்போது அவன் உட்காரும் கோணம் அது.

"அண்ணே, நீ பொய் சொன்ன" என்று ஆரம்பித்தேன். வழக்கம்போல அழுகை முட்டியது. "கண்ணீர் வரட்டும், ஆனால் அந்த வாக்கியத்தை விடாதீர்கள். இன்னொரு தடவை அவரிடம் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். மூன்றாவது தடவை குரல் மாறிவிட்டது. "அண்ணிக்குத் தெரியும். உன் ஆபீஸ்ல தெரியும். எனக்கு மட்டும் சும்மா செக்கப். ஏழு மாசம். நான் என்ன சின்னப் பையனா?" கத்தினேன் என்று நினைக்கிறேன். கை சூடாக இருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான் எப்போதும் கூன் போட்டு உட்காருகிறவன்.

"உங்களுக்கு அவரிடமிருந்து என்ன வேண்டியிருந்தது?"

"என்னையும் உள்ள விட்டிருக்கணும்."

அப்புறம் இடம் மாறச் சொன்னார். கீச்சென்ற அந்த நாற்காலியில் நான் அண்ணனாக உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, யோசிக்காமல், அவன் குரலின் சாயலிலேயே வந்தது: "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாகறதுக்கு எனக்குத் தெம்பு இல்லடா."

அது அண்ணன் சொன்னது இல்லை, நான் சொன்னதுதான். அவன் மனதில் நிஜமாக என்ன இருந்ததோ யாருக்குத் தெரியும். ஆவியோடு பேசுகிற விஷயமாக இதை யாராவது விற்றால் ஓடிவிடுங்கள். எனக்குள்ளே இருந்த அண்ணன், ஏழு மாதமாகப் பொய் சொல்லும் ஆளாக மட்டும் நின்றிருந்தவன், அன்றைக்குப் பயந்துபோன ஒரு மனிதனாகவும் ஆனான். அவ்வளவுதான் நடந்தது. அன்று திரும்பவும் அழுதேன், ஐந்து நிமிடம்கூட இருக்காது. தலைவலி வரவில்லை. வேறு மாதிரியான அழுகை அது, வருவது தெரிந்தது, முடிவதும் தெரிந்தது.

ஒரு உணர்ச்சியை மாற்ற இன்னொரு உணர்ச்சியால்தான் முடியும், புத்தி சொல்லி முடியாது என்பது இந்த முறையின் அடிப்படை. மொத்தமாகக் கலங்கிக் கிடக்கிற வேதனையிலிருந்து அதன் நடுவில் இருக்கும் வலிக்குப் போய், அங்கே எனக்கு என்ன தேவைப்பட்டது என்று கண்டுபிடித்து, அதிலிருந்து தனக்காக நிற்கும் கோபமும், தன்மேல் பரிவும், இழப்பை ஒத்துக்கொள்ளும் துக்கமும் வருவதாக அந்தோனியோ பாஸ்குவால்-லியோனும் க்ரீன்பெர்க்கும் 2007-ல் ஒரு ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். படித்தபோது என் இருபத்து மூன்றாவது செஷனை யாரோ ஒளிந்து பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த வரிசை ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. அதற்கடுத்த மாதமே பழைய அழுகை திரும்ப வந்து, எல்லாம் வீண் என்று நினைத்தேன். இரண்டடி முன்னே, ஒன்றரை அடி பின்னே என்றுதான் ஓடியது.

நாற்பதாவது செஷனுக்குப் பிறகு வேறொரு நாற்காலிப் பயிற்சி. என்னைக் குறை சொல்லும் எனக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கும் நடுவில். ஏழு மாதம் கவனிக்காத முட்டாள் நீ என்று ஒரு பக்கம் சொல்லும், மறுபக்கம் தலை குனியும். அது அண்ணனோடு பேசியதைவிடக் கஷ்டமாக இருந்தது, அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது குறைவுதான். குறை சொல்லும் குரல் போய்விடவில்லை, கொஞ்சம் சத்தம் குறைத்துப் பேசுகிறது.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. செஷன் முடிந்ததும் மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒருமுறை வைத்துக்கொண்டு, ஒரு சாதாரணக் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தேன். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும், ஒரு மணி நேரமாவது நடந்துவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது. வீடியோவில் ஏழெட்டு செஷன் செய்தேன். பேச்சுக்குப் பரவாயில்லை, நாற்காலிக்குச் சுத்தமாகச் சரிப்படவில்லை. எழுந்து இடம் மாறினால் கேமராவுக்கு வெளியே போய்விடுவேன், அவருக்கு என் தோள் மட்டும் தெரியும். தாடை இறுகுவதைப் பார்க்க வேண்டிய ஆளுக்குத் தோளைக் காட்டி என்ன பயன்?

ஆய்வுகளில் மனச்சோர்வுக்கு இந்தத் தெரபியைப் பெரும்பாலும் 16 முதல் 20 செஷன் வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் ஜீன் வாட்சன் குழு சிபிடியோடு ஒப்பிட்டபோது மனச்சோர்வு குறைவதில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. எனவே இதுதான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு 58 ஆனதற்குப் பாதிக் காரணம் நான் கதை சொல்லி இழுத்தடித்தது. உணர்ச்சிகளே கொட்டித் தாங்க முடியாமல் இருக்கிறவர்கள், உயிருக்கே ஆபத்தான மனநிலையில் இருக்கிறவர்கள், எது நிஜம் என்று பிடிபடாமல் தவிக்கிறவர்கள் நேராக இதில் இறங்கக் கூடாது. முதலில் நிலைப்பட வேண்டும், அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இதையும் செய்யலாம். நான் ஆறு மாதம் அப்படித்தான் செய்தேன். அதை முதல் நாளே தெரபிஸ்டிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு.

போன மாதம் ஒரு செஷனுக்குப் போய்வந்தேன், சும்மா எப்படி இருக்கிறேன் என்று பார்க்க. அண்ணியோடு பேசிவிட்டதைச் சொன்னேன். ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கடைசியில் அவரிடமே கேட்டேன், அழாமல். அவர் அழுதார். நாற்காலியை மாற்றியிருக்கிறார்கள், புதியது சத்தம் போடுவதில்லை. பழையது எங்கே என்று கேட்டேன். ஸ்டோர் ரூமில் இருக்கிறதாம்.