பாரிஸ் பை என்று நம்பி 1,06,500 ரூபாயை விட்டேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன். 1,06,500 ரூபாய். இருபது மாதச் சீட்டில் பதினேழாவது மாதம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து எடுத்த காசு. நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு அந்தப் பெண் என்னை பிளாக் செய்தாள். தூக்கம் வரவில்லை, விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், இப்போது பெயரைப் போட்டால் அதை வைத்தே என்மேல் திருப்பிவிடுவார்கள் என்று தெரிந்த வக்கீல் அண்ணன் சொன்னார். படம் போட்டு விற்கிற ஒரு செயலியில் பக்கம் வைத்திருப்பவள், வெளிநாட்டிலிருந்து பிராண்ட் பை, ஷூ, துணிமணி எல்லாம் எடுத்து வந்து தருவதாகச் சொல்பவள், நாற்பதாயிரத்துக்கு மேல் ஆள் பின்தொடர்கிறார்கள். அவ்வளவு போதும். வாங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் ஒவ்வொன்றாக விவரமாக எழுதுகிறேன்.

எனக்குப் பை ஆசை உண்டு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சிலருக்குக் காஞ்சிபுரம் பட்டு, சிலருக்கு நெக்லஸ், எனக்கு லூயி வுய்ட்டன் என்கிற பிரெஞ்சு பிராண்டின் ஸ்பீடி பை. பழுப்புத் துணியில் எல்வி எழுத்தும் பூவும் போட்டு, குட்டி வயிறு வைத்த மாதிரி உருண்டையாக இருக்குமே, அதுதான். 1930களிலிருந்து செய்கிறார்கள். ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் சின்ன அளவில் வேண்டும் என்று கேட்டு 1965இல் செய்து கொடுத்ததாகக் கதை சொல்வார்கள். சில வருடம் முன்பு பெங்களூர் யுபி சிட்டி மாலில் அந்தக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, விலையைக் கேட்காமலே லிஃப்ட் ஏறி வந்தவள் நான். இந்த முறை சீட்டுப் பணம் கையில் இருந்தது, வருகிற மாதம் நாற்பது வயது ஆகிறது, சரி, ஒரு முறை எனக்காக என்று நினைத்தேன். அம்மா கேட்டால் "அந்தக் காசுக்கு நகை எடுத்திருக்கலாம்" என்பாள் என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

விலை கேட்டு ஒரு வரி போட்டேன். பதில் குரல் பதிவாக வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, பின்னால் ஒரு குழந்தை சிணுங்குகிற சத்தம். "வணக்கமுங்க்கா, எங்க அக்கா பாரிஸ்ல செட்டில்ங்க்கா, பத்து வருஷமாச்சு. அங்க வாங்கினா டாக்ஸ் ரீஃபண்ட் வரும், அதுல பாதியை உங்களுக்கே கொறச்சுக்கறேன்." 92,000 சொன்னாள். அன்று சாயங்காலமே ஒரு வீடியோ அனுப்பினாள்: ஷான்ஸ் எலிசே தெரு, கடை வாசல், உள்ளே கண்ணாடி மேசைமேல் என் பை. பை மட்டும்தான் தெரிந்தது, ஆள் முகம் தெரியவில்லை. அது எந்த வருடம் எடுத்ததோ, யார் எடுத்ததோ, இப்போது யாருக்குத் தெரியும்?

நான் கவிழ்ந்தது அந்த வீடியோவில் இல்லை. பணம் எப்படி அனுப்புவது என்று நானாகத்தான் கேட்டேன். அதற்கு அவள் சொன்னது இது: "அவசரமே இல்லைங்க்கா. வீட்ல கேட்டுட்டு ரெண்டு நாள் யோசிச்சுட்டுச் சொல்லுங்க. பெரிய காசுங்க்கா, நம்ம காசு."

நம்ம காசு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் 1,06,500 ரூபாய் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றுகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள், "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று நெருக்குவார்கள் என்றுதானே எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? இவள் யோசிக்கச் சொல்கிறாளே, அப்படியானால் நல்லவள்தான் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. இரண்டு நாள் எங்கே, இருபது நிமிடம்கூட யோசிக்கவில்லை. யுபிஐயில் பணம் போடும்போது அவள் பெயர் வரவில்லை, ஏதோ டிரேடர்ஸ் என்று வந்தது. கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் கம்பெனி அக்கவுண்ட்டுங்க்கா." சரி என்று பின் நம்பரை அழுத்தினேன். போயிற்று 92,000.

நாலாம் நாள் காலையில் ஃபோன். பையை கஸ்டம்ஸில் பிடித்து வைத்திருக்கிறார்கள், வரி கட்டினால் விட்டுவிடுவார்கள், பாதியை அவளே போட்டுக்கொள்கிறாளாம், என் பங்குதான் இந்த 14,500. முத்திரையோடு ஒரு ரசீதின் படமும் வந்தது. 92,000 உள்ளே போன பிறகு 14,500ஐ யோசிப்போமா? அதே டிரேடர்ஸ் கணக்குக்கு அனுப்பினேன். சர்க்காருக்குக் கட்டுகிற வரி எப்படி ஒருத்தர் வீட்டுக்காரர் கணக்கு வழியாகப் போகும் என்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பயணி கொண்டு வந்தால் விமான நிலையத்தில் அவர்தான் கட்டி ரசீது வாங்க வேண்டும், கூரியரில் வந்தால் அந்த நிறுவனம் கட்டிவிட்டு நம்மிடம் பில்லோடு வசூலிக்கும். கஸ்டம்ஸ் அனுப்புகிற கடிதங்களில் டிஐஎன் என்று ஒரு எண் இருக்குமாம், மறைமுக வரி வாரியத்தின் இணையதளத்தில் அதைப் போட்டு உண்மையா என்று பார்க்கலாமாம். எல்லாம் இப்போது தெரிகிறது.

பார்சல் பதினோராம் நாள் வந்தது. பாரிஸிலிருந்து இல்லை, வடக்கே ஒரு ஊரிலிருந்து உள்ளூர்க் கூரியரில். கேட்டால் "மொத்தமா அங்க கிளியர் பண்ணித்தானுங்க்கா அனுப்புவோம்" என்றாள். பெட்டி, துணிப்பை, பில், எல்லாம் இருந்தன. கூடவே தங்க எழுத்தில் நம்பர் போட்ட ஒரு பழுப்பு நிற பிளாஸ்டிக் கார்டு, அசல் என்பதற்கான சான்றிதழ் அட்டை. அந்தக் கார்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வேறு வைத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

பத்து நாள் தோளில் போட்டிருப்பேன். ஒரு கைப்பிடியின் அடித்தையல் பிரிந்தது. சென்னை பெரியமேட்டில் ஒரு பாய் இருக்கிறார், தோல் வேலையில் பழுத்த கை, வாணியம்பாடிக்காரர். அவரிடம் எடுத்துப் போனேன். பையை வாங்கினார், திருப்பினார், ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடியில் கொஞ்சம் ஊற்றி, விரல் நுனியால் ஒரே ஒரு சொட்டைத் தொட்டுக் கைப்பிடியின் அடிப்பக்கம் வைத்தார். சொட்டு அப்படியே முத்து மாதிரி உருண்டு நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம் கழித்துக் கட்டை விரலால் வழித்து எறிந்தார், அங்கே ஒரு அடையாளமும் இல்லை.

"ஒரிஜினல் கைப்பிடி பட்டை போட்ட தோலும்மா. நம்ம பக்கம் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவாங்க பாரு, அந்த ஜாதி. தண்ணி பட்டா குடிக்கும், கறை நிக்கும். வெயில் பட பட தேன் கலருக்குப் போகும். இது பெயிண்ட் அடிச்ச சமாச்சாரம்."

"பை உடம்பாவது தோலா பாய்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அசல்லயே அது தோல் இல்லம்மா. துணிமேல பூச்சு போட்டதுதான்." நாற்பது வயதில் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் இன்னொன்று காட்டினார். ஸ்பீடியை ஒரே துண்டுத் துணியாக அடிவழியாகச் சுற்றித் தைப்பார்களாம், அதனால் ஒரு பக்கம் எல்வி நேராக இருந்தால் மறுபக்கம் தலைகீழாகத்தான் இருக்கும். என்னுடையதில் இரண்டு பக்கமும் நேராக இருந்தது, அடியில் ஒரு ஒட்டுத் தையல். பை வந்த அன்றைக்கு இதைப் பார்த்துத்தான் "எவ்வளவு நேர்த்தி!" என்று மெச்சியிருந்தேன். தையல் போட்டுக் கொடுத்தார், காசு வேண்டாம் என்றுவிட்டார். அது இன்னும் அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் தேடிப் படித்தேன். அந்த பிராண்ட் அசல் சான்றிதழ் அட்டை என்று ஒன்றைக் கொடுப்பதே இல்லை. நான் எதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேனோ அதுவே போலிக்கு அத்தாட்சி. பைக்குள்ளே சின்னப் பட்டியில் இரண்டு எழுத்தும் நாலு எண்ணும் பொறித்திருந்தது, எண் 1129. முதலாவதும் மூன்றாவதும் வாரம், இரண்டாவதும் நாலாவதும் வருடம். அதாவது 2019, பன்னிரண்டாவது வாரம். "இந்த வாரம் கடையிலேர்ந்து எடுத்ததுங்க்கா" என்ற பையில் 2019! அதைவிட, 2021 மார்ச்சிலிருந்து அவர்கள் இந்த எண்ணைப் பொறிப்பதையே விட்டுவிட்டு உள்ளே சிப் வைக்கிறார்கள்.

மறுநாள் கல்லூரித் தோழிக்கு ஃபோன் போட்டேன். பாரிஸில் லா சப்பெல் பக்கத்தில் இருக்கிறாள், முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் கிடைக்கிற நம்மாட்கள் தெரு அது. கதையைப் பாதி கேட்டதுமே, "அவ அக்கா பத்து வருஷமா இங்க இருக்கான்னா அவளுக்கு ரீஃபண்டே கிடையாதுடி" என்றாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர்களுக்குத்தான் அது. 100 யூரோவுக்கு மேல் வாங்கி, பாஸ்போர்ட் காட்டிக் கடையில் படிவம் வாங்கி, ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் பாப்லோ என்கிற இயந்திரத்தில் அதைக் காட்ட வேண்டும். பிரான்ஸில் வரி 20 சதவீதம் என்றாலும் கமிஷன் போகக் கைக்கு வருவது 12 சதவீதம் போலத்தான். அவள் சொன்ன 92,000 அந்தக் கடையில் ரீஃபண்டெல்லாம் போனாலும் வராத விலை, அந்த பிராண்ட் தள்ளுபடி விற்பனை போடுகிற வழக்கமும் இல்லை. கடைசியில் தோழி, "அதைத் தூக்கிட்டு மட்டும் இந்தப் பக்கம் வந்துடாத, புடிச்சா பறிமுதல், அசல் விலையில ரெண்டு மடங்கு வரைக்கும் ஃபைன்" என்றாள். ஏமாந்ததும் நான், அபராதமும் எனக்கா?

இனி அந்தப் பெண் சொன்ன பதில்கள். முதல் நாள்: "ஒரிஜினல்தானுங்க்கா, கார்டு இருக்குல்ல?" இரண்டாம் நாள்: "ரிப்பேர்காரருக்கு என்னங்க்கா தெரியும்?" மூன்றாம் நாள், பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா, எடுக்கலைன்னா ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு அடுத்து, திருப்பித் தர 24 மணி நேரம்தான், பக்கத்தில் மேலே போட்டிருக்கிறோம் பாருங்கள் என்றாள். பார்த்தேன், அன்று காலையில்தான் போட்டிருந்தாள். பிறகு "மேனேஜர்" என்று ஒரு நம்பர். அவர் இந்தியில் பேசினார், எனக்கு இந்தி தெரியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்கப்புறம் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் சொன்னாள். நானும் பாவம் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன், எனக்கு வேண்டும்! நேற்று ராத்திரி "1,06,500ஐயும் திருப்பிப் போடு, இல்லையென்றால் புகார்" என்று எழுதினேன். பத்தே முக்கால், பிளாக்.

அந்தச் செயலியில் புகார் செய்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று பத்து நிமிடத்தில் இயந்திரப் பதில். வங்கியில் இருந்தவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "நீங்கதானேம்மா பின் போட்டீங்க?" என்றார். இன்று காலை சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணைக் கூப்பிட்டேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுப் புகார் எண் கொடுத்தார். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கில் நிறுத்திவைக்கப் பார்த்திருக்கலாம், ஒரு மாதம் ஆகிவிட்டதே என்றார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, மண்டையும் வலிக்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பேசுகிற ஆள் ஒருத்தர், யுபிஐயில் வருகிற பெயர் வேறொருத்தர் என்றால் போடாதீர்கள். கஸ்டம்ஸ் என்று சொல்லிக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சான்றிதழ் கார்டைக் காட்டினால் நம்பாதீர்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்த அன்றைக்கே 1930, இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சத்துக்குள் கட்டணம் கிடையாதாம், அதற்கும் போகத்தான் போகிறேன்.

இப்போதுதான் தங்கை ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காலை ஏழு மணிக்குப் புதுப் படம் போட்டிருக்கிறாள். அதே ஸ்பீடி, பக்கத்தில் அதே பழுப்புக் கார்டு, கீழே "அவசரமே இல்லை, யோசிச்சுச் சொல்லுங்க." பதினோரு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். போலி, 1,06,500 போயிற்று என்று தங்கை கீழே எழுதினாள். இரண்டு நிமிடத்தில் அதைக் காணவில்லை. அந்தப் பதினோரு பேரில் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து நில்லுங்கள்.