கொச்சி தீம் பார்க் ஒருநாள் வேன் டூர்: சின்னப் புள்ள வச்சிருக்கிறவிய இத வாசிச்சிட்டு அட்வான்ஸ் குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டை. இத எழுதணுமா வேண்டாமான்னு நாலு நாளா யோசிச்சிட்டே இருந்தேன், எங்க வீட்ல அவிய கூட விடு, போனது போகட்டும்னுதான் சொன்னாவ, ஆனா நேத்து எங்க தெருவுலயே ஒரு பொண்ணு எங்கள கூட்டிட்டுப் போன அதே டூர் ஆளுகிட்ட அட்வான்ஸ் குடுக்கப் போறேன்னு சொன்னா, அவ இடுப்புல ரெண்டு வயசுப் புள்ள. அதுக்கு மேல என்னால சும்மா இருக்க முடியல.

ஆள் பேரு, ஆபீஸ் பேரு ரெண்டும் போடல. புகார் குடுத்திருக்கோம், அது முடியுத வரைக்கும் பேர பொதுவுல போடாதீங்கன்னு வக்கீல் சொல்லியிருக்காவ. நம்ம டவுனச் சுத்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல விளம்பரம் போட்டு ஆள் சேக்குத ஒரு சின்ன டிராவல்ஸ், அவ்வளவு மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க. அந்த பார்க்குக்காரவிய மேல எனக்கு ஒரு குத்தமும் கிடையாது, அதையும் மொதல்லயே சொல்லிடுதேன்.

காலாண்டு லீவுல கொச்சி பக்கம் உள்ள பெரிய தீம் பார்க்குக்கு ஒருநாள் டூர். ராத்திரி 2 மணிக்கு பாளைல கிளம்பி, காலைல 10 மணிக்கு பார்க் கேட்டு, சாயந்தரம் பார்க் அடைக்கும்போது கிளம்பி மறுபடியும் வீடு. பெரியவங்களுக்கு தலைக்கு 3,200, புள்ளையளுக்கு 2,200. நாங்க, எங்க அத்த, எங்க அக்கா, அத்தான், ஆக அஞ்சு பெரியவங்க. புள்ளைய ரெண்டு, என் மவனுக்கு மூணரை வயசு, அக்கா மவளுக்கு ஒரு வயசும் எட்டு மாசமும். மொத்தம் 20,400 ரூவா. 10,000 ஜிபேல போட்டோம், மிச்சத்த கிளம்புத அன்னைக்கு கையில குடுத்தோம், பில்லு கேட்டதுக்கு "வந்து தாரேன் எக்கா"ன்னான். அந்த பில்லு இன்னைக்கு வரைக்கும் வரல.

நான் கேட்டது ரெண்டே ரெண்டு விஷயம்தான். எங்க அத்தைக்கு முட்டு வலி, ரொம்ப நேரம் நடக்க முடியாது. என் மவன் 14 கிலோ, அரை மணி நேரம் நடந்தா தூக்குன்னு நிப்பான். அதனால "அண்ணாச்சி, பார்க்குக்குள்ள நடக்குதது எப்படி, சின்னப் புள்ளைய வச்சுக்கிட்டு முடியுமா"ன்னு தெளிவா கேட்டேன். அதுக்கு அந்த ஆளு சொன்ன வார்த்த இது: "எக்கா, நீங்க ஒண்ணும் தூக்கிட்டு வர வேண்டாம், புள்ளைக்கு தள்ளுவண்டி நம்ம வேன்லயே வருது, புது வண்டி, பெரியம்மாவுக்கு உள்ள பேட்டரி கார் சொல்லியாச்சு, வரிசைல நிக்காம போற ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டும் இந்தப் பணத்துலயே சேத்தி." இது வாய்ஸ் மெசேஜா இருக்கு, அழிக்காம வச்சிருக்கேன். வீட்டுல எங்ககிட்ட சொந்தமா ஒரு நல்ல வண்டி மடக்கி வச்சது இருக்கு, அத எடுக்கப் போன எங்க வீட்ல அவியள நான்தான் வேண்டாம்னு தடுத்தேன். அத நினைக்கும்போதெல்லாம் வயிறு எரியுது.

2 மணின்னவன் வேன் 3.20க்கு வந்துச்சு. அதுவும் வெள்ள போர்டு. வாடகைக்கு ஓடுத வண்டின்னா மஞ்ச நம்பர் பிளேட்டு இருக்கணும், வேத்து மாநிலத்துக்குப் போகுததுக்கு டூரிஸ்ட் பெர்மிட்டும் இருக்கணும், சொந்த உபயோக வண்டிய வாடகைக்கு ஓட்டுதப்போ ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். இருட்டுல, தூங்குத புள்ளையளத் தூக்கிக்கிட்டு ஏறுத அவசரத்துல பிளேட்ட யாரு பாக்கா. ஆலங்குளம், தென்காசி, செங்கோட்ட எல்லாம் தூக்கத்துலயே போச்சு. புளியரை தாண்டி மலையேறி ஆரியங்காவு செக்போஸ்ட்ல நிறுத்திட்டாவ. அப்பத்தான் எங்களுக்கு விஷயமே தெரியும். டிரைவர் தம்பி எங்ககிட்ட வந்து "கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க எக்கா, கல்யாணத்துக்குப் போறோம்னு சொல்லுங்க"ன்னு கெஞ்சுதான். புள்ளையள வச்சுக்கிட்டு பொய் சொல்லணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்து? எங்க அத்த நேரா சொல்லிட்டாவ, "நாங்க காசு குடுத்து வந்திருக்கோம்யா"ன்னு. ஒரு மணி நேரத்துக்கு மேல அங்கனயே நிறுத்தி அபராதம் போட்டுத்தான் விட்டாவ. அதுக்கு அப்புறம் புனலூர், கோட்டயம்னு நெரிசல்ல ஊர்ந்து ஊர்ந்து பார்க் கேட்டுக்குப் போகும்போது மதியம் 12.40.

கேட்ல தான் ரெண்டாவது விஷயம் தெரிஞ்சுது. அங்க புள்ளையளுக்கு வயசு கணக்கு இல்ல, உயரந்தான் கணக்கு. 85 செ.மீ.க்கு கீழ உள்ள புள்ளைக்கு டிக்கெட்டே கிடையாது. அக்கா மவ 82தான் இருந்தா, அங்க நின்ன பொண்ணு அளந்து பாத்துட்டு சிரிச்சிக்கிட்டே உள்ள விட்டுட்டா. அப்போ அவளுக்கு நாங்க குடுத்த 2,200? வேன்ல மடியில வச்சுத்தான் கூட்டிட்டு வந்தோம், சீட்டும் கிடையாது. அந்த ஆளுக்கு போன் அடிச்சா "அது வேன் சார்ஜ்"ங்கான். ஃபாஸ்ட் டிராக்குன்னு சொன்னீங்களேன்னு கேட்டா "லேட் ஆயிருச்சுல்லா, அது காலைல வாரவங்களுக்குத்தான்"ங்கான். கவுண்டர்ல விசாரிச்சா எங்க பேருல வாங்கியிருந்தது சாதா டிக்கெட்டு, வேற எதுவும் இல்ல. அத்தைக்கு பேட்டரி கார் சொல்லியிருக்கான்னு கேட்டோம், அப்படி ஒண்ணும் பதிவே இல்லன்னுட்டாவ. இருந்தாலும் அங்க உள்ள ஒரு சேட்டன் பாவம் ஒரு வீல்சேர் குடுத்தாவ, அத்த அதுல உக்கார கூச்சப்பட்டுக்கிட்டு கொஞ்ச தூரம் நடந்துதான் பாத்தாவ, முடியல.

இப்ப தள்ளுவண்டிக்கு வாரேன், நான் இத எழுதுததே அதுக்காகத்தான்.

வேனுக்குப் பின்னாடி சாக்குப் பைல சுத்தி வச்சிருந்தத டிரைவர் எடுத்துத் தந்தான். புது வண்டின்னு சொன்னது பழசு, துணி நைஞ்சு போயி, முன் சக்கரம் ஒண்ணு ஒருக்களிச்சு நிக்கி. தோளுக்கு மாட்டுத பெல்ட் இல்ல, இடுப்புல மட்டும் ஒரு நாடா. இத எப்படிப்பா தள்ளுததுன்னு கேட்டா, "இவ்வளவுதான் எங்கிட்ட குடுத்து விட்டாவ"ங்கான் அந்தத் தம்பி, அவன் மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. பார்க்குக்காரவிய வண்டி கேட்டோம், வாடகைக்கு இருந்தது எல்லாம் காலைலயே போயிருச்சு. சரி, அஞ்சு மணி நேரந்தான இருக்குன்னு இதையே எடுத்துக்கிட்டோம். அது நாங்க பண்ண தப்பு.

நம்ம ஊரு மாதிரி சமதளம்னு நினைச்சுக்கிடாதீங்க, அந்த பார்க் மேட்டுல இருக்கு. ஒரு ரைடுல இருந்து இன்னொரு ரைடுக்கு ஏத்தம், இறக்கம், நடுவுல படி. படி வந்தா ஒருத்தர் புள்ளையத் தூக்கணும், ஒருத்தர் வண்டியத் தூக்கணும். சின்னப் புள்ளையளுக்கான விளையாட்டு எல்லாம் ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம், தண்ணி விளையாட்டு ஒரு பக்கம். மத்தியான வெயில்ல தரை சுடுது, செருப்பக் கழட்டிட்டு நிக்க வேண்டிய இடத்துல புள்ள காலத் தூக்கித் தூக்கி ஆடுதான். இதுல நீச்சல் குளத்துக்கு காட்டன் துணி போட்டு இறங்கக் கூடாது, நைலான் டிரெஸ்தான் போடணுமாம், அத இந்த டூர்க்காரன் ஒரு வார்த்த சொல்லல, அங்க போயி எல்லாருக்கும் புதுசு வாங்கினோம். அந்தச் செலவு தனி.

ரெண்டரை மணி இருக்கும். மவன் தூங்கிட்டான். வண்டில படுக்க வச்சு, ஒரு இறக்கத்துல ஓரமா நிறுத்தி, பிரேக்க காலால அமுக்கினேன், டக்குன்னு சத்தமும் கேட்டுச்சு, மாட்டிக்கிச்சுன்னு நம்பி கையை எடுத்துட்டு அத்தைக்கு தண்ணி பாட்டில் மூடியத் திறந்து குடுத்தேன். திரும்பிப் பாக்கேன், வண்டி போயிக்கிட்டு இருக்கு. சத்தமே இல்லாம பைய போயிக்கிட்டு இருக்கு, புள்ள உள்ள தூங்குதான். எனக்கு குரலே வரல. அத்தான்தான் ஓடிப்போயி எட்டிப் பிடிச்சாவ, அதுக்குள்ள முன் சக்கரம் பூந்தொட்டித் திட்டுல போயி முட்டி வண்டி சாஞ்சிருச்சு, தோளு பெல்ட் இல்லாததால அவன் முன்னால சரிஞ்சு தாடைல அடி. ரத்தம் வந்துச்சு. பார்க்ல உள்ள முதலுதவி அறைல நர்ஸ் சேச்சி தொடச்சு மருந்து போட்டு, தையல் தேவையில்லன்னு சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்துச்சு. அந்தத் திட்டு மட்டும் அங்க இல்லன்னா கீழ ஜனம் நடக்குத மெயின் பாதை. இப்ப எழுதும்போதும் கை நடுங்குது.

பிறகு வண்டியக் கவுத்திப் பாத்தா, பிரேக் கட்டைல பல்லு முழுசும் தேஞ்சு போயிருக்கு, சத்தம் வருமே ஒழிய பிடிக்காது. இது நேத்து இன்னைக்கு தேஞ்சது இல்ல. தெரிஞ்சேதான் குடுத்து விட்டிருக்கான்.

அதுக்கு மேல எங்கயும் போகல. அவனத் தோளுல போட்டுக்கிட்டு மாத்தி மாத்தி தூக்கினோம். நாலு மணிக்கே டிரைவர் போன், "சீக்கிரம் வாங்க, காலைல எனக்கு வேற டிரிப் இருக்கு"ன்னு. பார்க் அடைக்கும்போதுதான் கிளம்புவோம்னு சொன்னது அதுவும் பொய். வீட்டுக்கு வந்து சேரும்போது ராத்திரி 1.10.

மறுநாள் அந்த ஆளு போன் பண்ணுதான், புள்ளைக்கு எப்படி இருக்குன்னு கேக்கத்தான்னு நினைச்சு எடுத்தேன். "எக்கா, வண்டி சக்கரம் உடைஞ்சு வந்திருக்கு, 1,500 போட்டு விடுங்க"ங்கான். தாடை வீங்கிப் போயி கஞ்சி மட்டும் குடிச்சிக்கிட்டு கிடக்குத புள்ள பக்கத்துல உக்காந்து நான் இதக் கேக்கேன். எங்க வீட்ல அவிய போனை வாங்கி பேசின பேச்ச இங்க எழுத முடியாது.

1915ன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு, தமிழ்லயே பேசலாம், அங்க புகார் பதிஞ்சு நம்பர் வாங்கியாச்சு. அதுல சரி வரலைன்னா நுகர்வோர் ஆணையத்துல கேஸ். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்க மாவட்டத்துலயே போடலாம், திருநெல்வேலிலயே முடிஞ்சிரும், குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமும் கிடையாது, சம்பவம் நடந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். ஆன்லைன்ல இ-ஜாக்ரிதின்னு ஒரு தளத்துலயும் போடலாம்னு வக்கீல் சொன்னாவ. பில்லு தராததே தனி குத்தமாம். எங்ககிட்ட பில்லு இல்லாட்டாலும் ஜிபே ரசீது, வாய்ஸ் மெசேஜ், முதலுதவி அறைல குடுத்த சீட்டு, பிரேக் கட்டைய கிட்டத்துல எடுத்த போட்டோ எல்லாம் இருக்கு. அந்தப் போட்டோவ எடுக்கச் சொன்னது அத்தான், அந்தப் பதட்டத்துலயும் அவியளுக்கு அது தோணுச்சு.

பார்க்குக்குப் போறவிய சொந்த தள்ளுவண்டிய எடுத்துட்டுப் போங்க, கனமா இருந்தாலும் பரவாயில்ல. வாடகை வண்டின்னா, புள்ளைய வைக்குததுக்கு முன்னால ரெண்டு தண்ணி கேன வச்சு சரிவுல பிரேக் போட்டுப் பாருங்க, சத்தத்த நம்பாதீங்க. தோளு, இடுப்பு, கால் இடுக்கு மூணையும் சேத்து மாட்டுத பெல்ட் இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம். வாங்கும்போதே சுத்திச் சுத்தி வீடியோ எடுத்து அவனுக்கே அனுப்பிருங்க, பிறகு உடைச்சிட்டீங்கன்னு கேக்க மாட்டான். கைப்பிடில கனமான பைய மாட்டாதீங்க, புள்ள இறங்கினதும் வண்டி பின்னால சாயும். நிறுத்தும்போது சரிவுக்கு குறுக்கால நிறுத்தணும். இத நான் இப்பத்தான் கத்துக்கிட்டேன்.

ஒரே நாள்ல போயிட்டு வாரது சின்னப் புள்ளையளுக்கு ஆகாது. பாலருவி எக்ஸ்பிரஸ் ராத்திரி நம்ம திருநெல்வேலில ஏறினா செங்கோட்ட வழியா காலைல ஆலுவால இறக்கி விட்டிரும், அங்க ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் பார்க் திறக்கும்போதே உள்ள போனா வாடகை தள்ளுவண்டியும் கிடைக்கும், வெயிலுக்கு முன்னால புள்ளைய விளையாட்டையும் முடிச்சிரலாம். அஞ்சு வயசுக்கு கீழ உள்ள புள்ளைக்கு தனி பெர்த் கேக்காட்டா ரயில்ல டிக்கெட்டும் கிடையாது. நாங்க குடுத்த 20,400ல தங்குத செலவு போக மிச்சமே இருந்திருக்கும்.

நேத்து சாயந்தரம் அந்த ஆளு வேற ஒருத்தர் மூலமா சொல்லி விட்டிருக்கான், 4,000 தாரேன், புகார வாபஸ் வாங்கிருங்கன்னு. மாட்டோம்னு சொல்லிட்டோம். இதே காலாண்டு லீவுல அந்த வேன்ல, அதே பழைய தள்ளுவண்டியோட போன குடும்பம் வேற யாராவது இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆகலைனாலும் பரவாயில்ல, அந்த வண்டிய அவன் உங்களுக்கும் குடுத்தான்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், வக்கீல் கேக்காவ.