அன்பேவோல் நீட்சி: திருகோணமலைத் தொண்டு நிறுவனங்களுக்கு எவ்வளவு உதவும்?

மூதூரிலோ குச்சவெளியிலோ ஒரு வாழ்வாதாரத் திட்டத்துக்கு முன்மொழிவு எழுதினால், இந்த வழி பலன் தரும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கொடையாளர் கேட்பார். அந்த ஆதாரங்களில் பெரும்பங்கு ‘வேர்ல்ட் டிவலப்மென்ட்’, ‘டிவலப்மென்ட் இன் பிரக்டிஸ்’, ‘வொலுன்டாஸ்’ போன்ற ஆய்விதழ்களில் இருக்கிறது. பலவற்றில் ஒற்றைக் கட்டுரைக்கே பல பத்து டொலர் கேட்பார்கள். நூலகச் சந்தா இல்லாத சிறிய அலுவலகத்துக்கு அது கட்டுபடியாகாது. இணைய உலாவியில் சேர்க்கும் சிறு துணைநிரலான (நீட்சி) அன்பேவோல் கைகொடுப்பது இங்கேதான். ‘அவர்ரிசேர்ச்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது. சட்டப்படி திறந்திருக்கும் பிரதிகளை மட்டுமே இது தேடுவதால் அலுவலகக் கணினியில் தயங்காமல் நிறுவலாம்.

குரோமிலோ பயர்பொக்ஸிலோ நீட்சியைச் சேர்த்துவிட்டு, பதிப்பாளரின் தளத்தில் கட்டுரைப் பக்கத்தைத் திறந்தால் போதும். ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய தனி அடையாளமான, 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணை அது தானாகவே வாசித்து, வலது ஓரத்தில் ஒரு பூட்டைக் காட்டும். பச்சை என்றால் இலவசப் பிரதி உண்டு, அழுத்தினால் திறக்கும். சாம்பல் என்றால் இல்லை. அமைப்புகளுக்குள் போய் நிறங்களைப் பிரித்துக் காட்டும் தெரிவையும் இயக்கிவிடுங்கள். அதன்பின் வெண்கல நிறம் வந்தால் அந்தக் கோப்பை உடனே பதிவிறக்கி வையுங்கள்: உரிமம் எதுவும் கொடுக்காமல் பதிப்பாளர் இப்போதைக்குத் திறந்து வைத்திருக்கும் கட்டுரை அது, பின்னர் மூடப்படலாம்.

இந்தத் தெரிவில் பச்சைக்கும் ஒரு தனிப் பொருள் உண்டு. பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் உள்ள பிரதியையே அது காட்டும். பெரும்பாலும் அது ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப்படி, அதாவது இதழ் ஏற்றபின் அச்சுக்கு வடிவமைக்கும் முன் உள்ள ஆசிரியரின் பிரதி. உள்ளடக்கம் நம்பத்தக்கதுதான், ஆனால் இதழின் பக்க எண்கள் அதில் இரா. அந்தக் கோப்பின் பக்க எண்ணை மேற்கோளில் போட்டால் சரிபார்ப்பவருக்கு அந்த வரி அகப்படாது. பிரிவுத் தலைப்பையும் டிஓஐயையும் கொடுப்பதே சரி.

குறை எங்கே என்றால், நமக்கு மிக வேண்டிய காலத்துக் கட்டுரைகளில். பிரித்தானிய அரச ஆய்வு நிதியில் எழுதி 2022 ஏப்ரலுக்குப் பின் இதழ்களுக்கு அனுப்பப்பட்ட கட்டுரைகளை உடனடியாகத் திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது கட்டாயம். அதனால் புதியவற்றில் இலவசப் பிரதி அடிக்கடி கிடைக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கில் நடந்த வீடமைப்பு, மீன்பிடி உதவி, மீள்குடியேற்றம் பற்றிய 2005 முதல் 2012 வரையான கட்டுரைகள் அந்த விதிக்கு முந்தியவை. சாம்பல் பூட்டு அங்கேதான் அதிகம். நம்முடைய மக்களைப் பற்றிய ஆய்வை நாமே படிக்க முடியாமல் இருப்பது நியாயமில்லை.

இன்னொன்று: டிஓஐ இல்லாத அறிக்கைகளை இந்த நீட்சி கண்டுகொள்ளாது. தொண்டு நிறுவன முகாமைத்துவத்தில் நேர்மையான பாடங்கள் பல மதிப்பீட்டு அறிக்கைகளில்தான் இருக்கின்றன. ஆழிப்பேரலை நிவாரணம் பற்றிய கூட்டு மதிப்பீடுகளுக்கு, மனிதாபிமான உதவிகளின் மதிப்பீடுகளைத் திரட்டும் அல்னாப் வலையமைப்பின் இணைய நூலகத்துக்குப் போங்கள், அங்கே இலவசம். இலங்கை இதழ்களுக்குத் தேசிய விஞ்ஞான மன்றம் பராமரிக்கும் இணையவழி இதழ்த் தளம் இருக்கிறது. அதில் பூட்டுப் பிரச்சினையே இல்லை.

கைபேசியில் மட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு இது அவ்வளவு பயன்படாது, அன்ட்ரொயிட் குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை. கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் வைத்து கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுபொறியான கூகுள் ஸ்கொலரில் தேடி, கீழே வரும் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் திறந்து பாருங்கள்.

அதிலும் கிடைக்காவிட்டால் பதிப்பாளர் தளத்தின் கட்டுரைப் பக்கத்தில் தொடர்புக்கெனக் குறித்திருக்கும் ஆசிரியரின் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முழுத் தலைப்பு, டிஓஐ, எந்தத் திட்டத்துக்கு வேண்டும் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். தங்கள் கையெழுத்துப்படியைத் தனிப்பட்ட முறையில் பகிரப் பெரும்பாலான பதிப்பாளர்கள் ஆசிரியர்களை அனுமதிக்கிறார்கள். முன்மொழிவின் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.