நடையா, சைக்கிளா?

தினசரிப் பயணத்துக்கு எது மேல் என்று கேட்டால், முதலில் தூரத்தைச் சொல்லுங்கள் என்பேன். அரை மணி நேரத்தில் நடந்தால் இரண்டரை கி.மீ. போகலாம், சைக்கிளில் நிதானமாக மிதித்தாலே ஏழு கி.மீ. தாண்டிவிடும். ஒரு கி.மீ.க்குள் என்றால் நடைதான் சரி. பூட்டு, காற்று, நிறுத்த இடம் எதுவும் வேண்டாம். நடுவில் பேருந்து வந்தால் ஏறியும் கொள்ளலாம்.

உடல்நலத்தில் சைக்கிள் ஒரு படி முன்னே நிற்கிறது. பிரிட்டனில் சுமார் 2,60,000 பேரைச் சுமார் ஐந்தாண்டு பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், வேலைக்கு சைக்கிளில் போனவர்களுக்கு, காரிலோ பொதுப் போக்குவரத்திலோ போனவர்களைவிட அகால மரண அபாயம் 41% குறைவு. நடந்தவர்களுக்கு இதயநோய் அபாயம் 27% குறைந்தது. ஆனால் மொத்த மரண விகிதத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்து நடையை ஒதுக்கிவிடாதீர்கள். நடந்தவர்கள் போன தூரமும் வேகமும் குறைவு. அதோடு, ஏற்கெனவே திடமாக இருப்பவர்களே சைக்கிளைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

நடையாலும் சைக்கிளாலும் கிடைக்கும் பலனைக் கணக்கிடும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹீட்' (HEAT) கருவி இரண்டையும் அருகருகே வைக்கிறது: வாரம் 168 நிமிட நடைக்கு மரண அபாயம் 11% குறைவு, 100 நிமிட சைக்கிளுக்கு 10%. நேரமில்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சாலையில் அடிபடும் அபாயம் சைக்கிளில் கூடுதல். தனிப்பாதை இல்லாத இடத்தில் யாரையும் வற்புறுத்த மாட்டேன். எலும்பு வலுவுக்கு நடை நல்லது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு சைக்கிள் இதம், இருக்கை உயரம் சரியாக இருந்தால்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.