பெரிய டிராகனுக்குப் பாலிமர் கிளே: எபாக்சியிலிருந்து மாறிய அனுபவம்

28, 32 மில்லிமீட்டர் அளவு குட்டி வீரர் உருவங்களைச் செய்துகொண்டிருந்தவரை எனக்கு க்ரீன் ஸ்டஃப் (இரண்டு பாகங்களைப் பிசைந்தால் தானாக இறுகும் எபாக்சி புட்டி) போதுமாக இருந்தது. ஒரு சாண் உயர டிராகன், ராட்சசன் என்று போன பிறகுதான் அதன் கெடுபிடி உறைத்தது. நீலத்தையும் மஞ்சளையும் பிசைந்து சேர்த்துவிட்டால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். சின்ன முகத்துக்கு அது தாராளம். டிராகனின் விலாப்புறம் முழுக்கச் செதில் போட உட்கார்ந்தால், பாதியிலேயே புட்டி முறுக்கிக்கொள்ளும். மறுநாள் புதிதாகப் பிசைந்து தொடர்ந்தால் ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று தெரியும்.

அதனால்தான் பாலிமர் கிளே என்ற செயற்கைக் களிமண்ணுக்கு மாறினேன். சாம்பல் நிறத்தில் வரும் கெட்டி ரகம். சில வருடங்களாகப் பெரிய உருவங்கள் எல்லாம் இதில்தான்.

பிவிசி தூளும் அதை இளக்கும் பிளாஸ்டிசைசரும் சேர்ந்த பண்டம் இது. சூடு பட்டால்தான் இறுகும், அதுவரை நமக்காகக் காத்திருக்கும். பெரிய உருவத்தில் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும், கழுத்து வளைவு பொருந்தாததும் தள்ளிவைத்து நாலு நாள் கழித்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். அப்போது செதில் வரிசையை அப்படியே நகர்த்தலாம், பிடிக்காவிட்டால் வழித்துப் போடலாம். எபாக்சியில் இதற்கு ரம்பமும் அரமும் எடுக்க வேண்டியிருக்கும். சாம்பல் நிறமும் ஒரு வசதி. தோல் நிற ரகங்களில் கொஞ்சம் ஒளி ஊடுருவுவதால் நுணுக்கமான கோடுகள் கண்ணுக்குச் சிக்காது.

சரி, தொல்லைகள். வலது பக்கம் செய்யும்போது இடது பக்கத்தில் விரல் பதிந்துவிடும். இதற்கு ஒரே வழி, பகுதி பகுதியாகச் சுடுவது. சுட்டதன் மேல் புதுக் களிமண் வைத்து மறுபடி சுடலாம், ஒன்றும் ஆகாது. அப்புறம் தூசி. வெள்ளைச் சட்டையைவிட மோசமாக இழுத்துக்கொள்ளும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த தூரிகையால் லேசாகத் தடவினால் தூசியும் போகும், விரல் ரேகையும் மழுங்கும். ஆனால் அதிகம் தடவினால் கூர்மையான விளிம்புகளும் சேர்ந்து மழுங்கிவிடும்.

சுடுவதில்தான் பொறுமை வேண்டும். நான் பயன்படுத்தும் ரகத்துக்கு 130 டிகிரி செல்சியஸ், 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 15 நிமிடம். மற்ற ரகங்களுக்கு மாறும், உறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வைத்துவிடுவது நல்லது. குறைவாகச் சுட்டால் மொறுமொறுவென்று உடையும். கருகவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், அது விளையாட்டல்ல. உடலைக் கட்டியான களிமண்ணாகச் செய்யாமல், கம்பிக்கூட்டின் மேல் அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் களிமண்ணைப் போர்த்தினால் சூடு சீராக இறங்கும், எடையும் குறையும். தாளுக்கும் களிமண்ணுக்கும் நடுவே காற்று தங்கினால் வெடிப்பு விழலாம். சுட்ட கையோடு வெளியே எடுக்காமல் ஓவனிலேயே ஆறவிடுகிறேன்.

நகம், கொம்பு நுனி, சிறகின் ஓரம் போன்ற மெல்லிய இடங்களுக்கு இது லாயக்கில்லை என்பது என் முடிவு. கைதவறி இடித்தால் போய்விடும். அவற்றை உடல் சுட்டு ஆறிய பிறகு எபாக்சியில் வைக்கிறேன். க்ரீன் ஸ்டஃப்புக்கு வளைந்து கொடுக்கும் குணம் உண்டு. தேய்த்து மழமழப்பாக்க வேண்டிய கவச விளிம்புக்கு மில்லிபுட் என்ற இன்னொரு எபாக்சி புட்டி சரி. கையுறை மட்டும் மறக்க வேண்டாம், இறுகாத எபாக்சி சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும். பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய வாள், கேடயம் எல்லாவற்றையும் கடைசியில்தான் ஒட்ட வேண்டும், ஓவன் சூட்டில் அவை வளைந்துவிடும்.

வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரிலும் கவனம் தேவை. சில ஸ்ப்ரே பிரைமர்கள் பாலிமர் கிளே மேல் காயாமல் பிசுபிசுவென்றே நிற்கும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பிரைமரைத் தூரிகையிலோ ஏர்பிரஷ்ஷிலோ அடித்தால் அந்தத் தலைவலி இல்லை.

மிச்சமான களிமண்ணை பாலித்தீன் தாளில் சுற்றி வெயில் படாமல் வையுங்கள். கடினமான பாலிஸ்டைரீன் டப்பாவில் நேரடியாகப் போட்டால் பிளாஸ்டிசைசர் டப்பாவையே இளக்கிவிடும். பாதி செய்த உருவத்தையும் பிளாஸ்டிக் பீடத்தில் நிறுத்தாமல் கண்ணாடி அல்லது பீங்கான் ஓட்டின் (டைல்) மேல் நிறுத்துவதே உத்தமம்.